மலிவு பேஸ் கிதாரும் கொஞ்சம் இயற்பியலும்

தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியறையை எண்ணிக்கொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கும் இளைஞன் ஒருவன், புதிதாக வாங்கிய பேஸ் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சீனாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ கப்பலில் வந்த கருவி. விலை, ஒரு நல்ல கைப்பேசியின் விலையைவிடக் குறைவு. ஆனால் அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. முதல் இரண்டு மெட்டுகளில் தந்தியை அழுத்தினால் விரல் நோகிறது. கழுத்தின் கீழ்ப்பகுதிக்கு வந்தால் சுருதி விலகுகிறது. வாசிக்காமல் சும்மா இருந்தாலும் ஒலிபெருக்கிப் பெட்டி 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்கிறது. "விற்றுவிட்டு வேறு வாங்கு" என்கிறார்கள் நண்பர்கள்.

விற்க வேண்டியதில்லை. விலை குறைந்த கருவியில் பெரும்பாலும் குறைந்திருப்பது மரமோ கம்பியோ அன்று. கடைசியாகச் செய்யவேண்டிய நுட்பமான சரிக்கட்டலுக்கு ஆகும் மனித உழைப்பே. அந்த உழைப்பை நாமே செலுத்தலாம். அதற்கு வேண்டியவை சில சிறு கருவிகள், கொஞ்சம் பொறுமை, பள்ளியில் படித்த இயற்பியல். ஒரே ஓர் இடத்தில் மட்டும் உயிருக்கு ஆபத்து உண்டு. அதையும் பின்னால் பார்ப்போம்.

பேஸ் கிதார் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சாரப் பேஸ் கிதாரை வெளியிட்டார். ஆள் உயரத்துக்கு நிறுத்தி வாசிக்கவேண்டிய டபுள் பேஸ் செய்த வேலையை, தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி செய்யத் தொடங்கியது. 1960இல் அதே நிறுவனம் 'ஜாஸ் பேஸ்' என்பதைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் மலிவுக் கருவிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றின் அமைப்பைத் தழுவியவையே.

தமிழர் காதுக்கு இக்கருவி பழகியது திரையிசை வழியாக. 'அன்னக்கிளி' (1976) படத்தில் அறிமுகமான இளையராஜா, பின்வந்த ஆண்டுகளில் பேஸ் கிதாருக்குப் பாட்டோடு இழைந்தோடும் தனி மெட்டே அமைத்தார். அந்த இசை உருவான கோடம்பாக்கம், நம் இளைஞன் நாள்தோறும் பயணம் செய்யும் அதே கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையில்தான் இருக்கிறது.

கழுத்து வளைவது ஏன்?

பேஸ் கிதாரின் நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோகிராம் எடையளவு விசையுடன் இழுக்கின்றன. நன்கு வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் அதைப் பிடித்துத் தொங்குவது போன்றது இது. மரக் கழுத்து வில்லைப் போல் வளையாமல் இருக்க, அதனுள்ளே நீளமான எஃகுக் கம்பி ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கழுத்தின் ஒரு முனையில் உள்ள துளையில் எல் வடிவச் சாவியை நுழைத்து அதை முடுக்கலாம், தளர்த்தலாம்.

மரம் ஈரப்பதத்தை உறிஞ்சிப் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். இந்த மாற்றம் நார்ப்போக்கில் மிகக் குறைவு, குறுக்கே அதிகம். எங்கோ ஒரு தொழிற்சாலையில் சரிபார்க்கப்பட்ட கழுத்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாம்பரத்தின் ஈரக்காற்றைக் குடித்தபின் பழைய நிலையில் இருக்க முடியாது. எனவே மழைக்கு முன்பும் பின்பும் கழுத்தைச் சோதிப்பது நல்லது.

சோதிக்கும் முறை எளிது. தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். தந்தி இப்போது ஓர் அளவுகோல். ஏழாவது மெட்டின் மேல் அதற்கும் மெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். அதிகம் இருந்தால் உள்கம்பியை வலஞ்சுழியாக முடுக்கவேண்டும்; இடைவெளியே இல்லையென்றால் தளர்த்தவேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சாவி கடினமாகத் திரும்பினால் உடனே நிறுத்திவிடுங்கள். முறுக்கி ஒடித்த உள்கம்பியை மாற்றுவதற்கு ஆகும் செலவு, கருவியின் விலையையே தாண்டிவிடலாம்.

விரல் நோவதற்குக் காரணம் வேறு. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதிந்திருக்கும் 'நட்' என்ற தடுப்பில் உள்ள பள்ளங்களைத் தொழிற்சாலையில் ஆழம் குறைவாகவே விட்டுவிடுகிறார்கள். ஆழம் குறைந்தால் பிறகு அராவிக்கொள்ளலாம். கூடிவிட்டால் திருத்த முடியாது அல்லவா? இரண்டாம் மெட்டுக்கும் மூன்றாம் மெட்டுக்கும் நடுவே தந்தியை அழுத்தி, முதல் மெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு மேல் இருந்தால், தந்தியின் கனத்துக்கு ஏற்ற மெல்லிய அரத்தால் சிறிது சிறிதாக அராவலாம்.

வீணையின் மெட்டும் கிதாரின் மெட்டும்

வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்கிறார்கள். மெட்டு விலகினால் மெழுகை இளக்கி, காதால் கேட்டு, மறுபடி பொருத்திக்கொள்ளலாம். கிதாரின் மெட்டுகளோ மரத்தில் அறையப்பட்டவை. அவற்றின் இடத்தைக் கணக்கு முடிவு செய்கிறது. ஒவ்வொரு மெட்டுக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு உயரவேண்டும். இப்படிப் பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக 2, அதாவது மேல் ஸ்தாயி கிடைக்கும். பெரும்பாலான பேஸ் கிதார்களில் தந்தியின் அதிரும் நீளம் 864 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் மெட்டு அதில் சரிபாதியில், 432 மில்லிமீட்டரில் இருக்கும்.

பின் ஏன் சுருதி விலகுகிறது? தந்தியை மெட்டில் அழுத்தும்போது அது சற்றே நீண்டு, இழுவிசை கூடி, சுருதி ஏறிவிடுகிறது. தடித்த தந்தியில் அதன் விறைப்பும் சேர்ந்துகொள்கிறது. கிதாரில் மெட்டை நகர்த்த முடியாது. ஆனால் குதிரையை நகர்த்தலாம். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சிறு குதிரையும் திருகாணியும் உண்டு. பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் வரும் ஒலியும், அங்கேயே அழுத்தி மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் குதிரையைப் பின்னுக்குத் தள்ளுங்கள், தாழ்ந்திருந்தால் முன்னுக்கு. நான்கு தந்திக்கும் அரை மணி நேர வேலை. காசு செலவில்லை.

அதிர்வு மின்சாரமாகும் விதம்

இனி ரீங்காரத்துக்கு வருவோம். தந்திகளின் அடியில் இருக்கும் 'பிக்கப்' என்பது காந்தங்களும் அவற்றைச் சுற்றிய கம்பிச்சுருளுமே. தலைமயிரை ஒத்த மெல்லிய செப்புக் கம்பி, பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் இதுதான்.

ஆனால் தன்னுள் மாறும் காந்தப்புலம் தந்தியால் வந்ததா, சுவருக்குள் ஓடும் மின்கம்பியால் வந்ததா என்று சுருளுக்குத் தெரியாது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுகிறது. பேஸ் கிதாரின் நான்கு தந்திகளும் முறையே 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கின்றன. ஆக, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பேஸ் கிதாரின் எல்லைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது! தடித்த தந்தியின் மூன்றாம் மெட்டில் பிறப்பது 49 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தோடு அதை மீட்டிக் கேளுங்கள்; விநாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். பாடநூலில் 'விம்மல்' என்று படித்தது இதுவே.

ரயில் பாதையும் இங்கே ஒரு பாடம் சொல்கிறது. கடற்கரை–தாம்பரம் பாதை 1931இல் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்மயமாயிற்று. 1960களில் அது 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. மாறாத நேர்மின்னோட்டத்தின் காந்தப்புலம் அசையாத சுருளில் எதையும் தூண்டாது, மாறுமின்னோட்டம் தூண்டும். பாதைக்கு மிக அருகில் குடியிருப்பவர்கள், மின்தொடர் கிளம்பும்போது தம் கிதாரின் ரீங்காரம் கூடுகிறதா என்று கவனித்துப் பார்க்கலாம்.

ரீங்காரம் இரண்டு வகை

பணத்தைச் செலவழிக்குமுன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள்.

முதல் சோதனை: தந்திகளைக் கையால் தொடுங்கள். ரீங்காரம் குறைந்தால், அதில் ஒரு பங்கு மின்புலத்தால் வருவது. உங்கள் உடல் ஓர் ஏரியலைப் போல அதை வாங்கிக் கருவிக்குள் தந்துகொண்டிருந்தது. தந்தியின் வழியே உடல் எர்த்துடன் இணைந்ததும் அடங்குகிறது.

இரண்டாம் சோதனை: கிதாருடன் நாற்காலியில் அப்படியே மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் ரீங்காரம் கூடி, மற்றொரு திசையில் குறைந்தால், அது காந்தப்புலத்தால் வருவது. பழைய டியூப்லைட் சோக், இன்வர்ட்டர், ஒலிபெருக்கியின் மின்மாற்றி ஆகியவை வழக்கமான குற்றவாளிகள்.

இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதை அறியாமல்தான் பலர் வீண் செலவு செய்கிறார்கள்.

மின்புலத்தைத் தடுக்க உலோகக் கவசம் போதும். கருவியை ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி, தந்திகளைத் தளர்த்தி, மூடியைத் திறந்து, உட்குழிவு முழுவதும் செப்புத்தாள் நாடாவை ஒட்டுங்கள். துண்டுக்குத் துண்டு மின்தொடர்பு இருக்கிறதா என்று மல்ட்டிமீட்டரால் பார்த்து, கவசத்தை எர்த் இணைப்புடன் ஈயம் வைத்துச் சேருங்கள். சமையலறை அலுமினியத் தாளும் மின்புலத்தைத் தடுக்கும். ஆனால் அதன் மேல் உள்ள ஆக்சைடு படலத்தால் ஈயம் ஒட்டாது. கம்பியைத் திருகாணியால்தான் இறுக்கவேண்டும். பிக்கப்பின் சமிக்ஞைக் கம்பி மட்டும் கவசத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ரீங்காரத்தோடு இசையும் போய்விடும்!

காந்தப்புலத்தைச் செப்புத்தாள் தடுக்காது. அதற்கு இரண்டு சுருள்கள் வேண்டும். ஒன்றில் சுற்றும் திசையும் காந்த முனையும் மற்றதற்கு எதிராக இருக்கவேண்டும். வெளியிலிருந்து வரும் ரீங்காரத்துக்குச் சுற்றுத்திசை மட்டுமே கணக்கு. எனவே இரு சுருள்களிலும் அது எதிரெதிராகி அழிகிறது. தந்தியின் அதிர்வுக்கோ திசையும் மாறுகிறது, முனையும் மாறுகிறது. எதிருக்கு எதிர் நேராகி இரண்டும் கூடுகின்றன. ஃபெண்டர் 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து இம்முறையில் அமைத்தார். ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு பிக்கப்புகளையும் சம அளவில் திறந்துவைத்தால் பெரும்பாலும் இதே பயன் கிடைக்கும். புதிய பிக்கப் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். வாங்கியே தீரவேண்டுமென்றால் நீள அகலத்தை அளந்துகொண்டு போங்கள். குழிவில் பொருந்தாத பிக்கப்புக்காக மரத்தைக் குடைய நேரிடும்.

சில ரூபாயில் மாறும் தொனி

தொனியைக் கட்டுப்படுத்தும் குமிழின் பின்னால் ஒரு மின்தேக்கி இருக்கிறது. அதிர்வெண் கூடக் கூட மின்தேக்கி எளிதாக வழிவிடும். எனவே குமிழைத் திருகும்போது மேல் சுரங்களின் கூர்மை எர்த்துக்கு வடிந்து, ஒலி மழுங்குகிறது. வழக்கமான அளவு 0.047 மைக்ரோஃபாரட். 0.1 வைத்தால் மழுக்கம் கூடும், 0.022 வைத்தால் குறையும். சென்னை ரிச்சி தெருவில் இவை சில ரூபாய்க்குக் கிடைக்கும். கரகரக்கும் குமிழையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். 'ஒலிக்கென்றே செய்தது' என்று பல மடங்கு விலை சொல்லும் மின்தேக்கிக்கு மயங்கவேண்டாம். இவ்வளவு சிறிய மின்னழுத்தத்தில், அளவு ஒன்றானால் வேலையும் ஏறக்குறைய ஒன்றே.

மூன்றாவது முள்

இப்போது அந்த ஆபத்தான இடம். தந்திகள் குதிரை வழியாக எர்த் கம்பியுடனும், அதன் மூலம் ஒலிபெருக்கிப் பெட்டியின் உலோகச் சட்டத்துடனும் இணைந்துள்ளன. ரீங்காரம் குறைகிறது என்பதற்காகச் சிலர் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைத் துண்டித்துவிடுகிறார்கள். வீட்டில் எர்த்தே செத்துக் கிடப்பதும் உண்டு. அந்நிலையில் பெட்டிக்குள் மின்கசிவு ஏற்பட்டால், மின்சாரம் நேரே தந்திகளுக்கு வரும். வாசிப்பவன் ஒரு கையில் தந்தியும் மறு கையில் மைக்கும் பிடித்தால், அது அவன் மார்பின் வழியே பாயும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் கீத் ரெல்ஃப் 1976இல் தம் வீட்டிலேயே, முறையாக எர்த் செய்யப்படாத மின்கிதாரை வாசிக்கும்போது உயிரிழந்தார். நனைந்த தரையும் ஜெனரேட்டரும் உள்ள நம் ஊர்த் திருவிழா மேடைகளில் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும்.

ஆகவே, எர்த் முள்ளை ஒருபோதும் நீக்காதீர்கள். ஒலிபெருக்கியைப் போட்டதும், தந்திகளைத் தொடுமுன் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் கருவி பக்கம் போகவேண்டாம். எரியவில்லை என்பதும் முழு உத்தரவாதம் அன்று. மின்பணியாளரைக் கொண்டு வீட்டு எர்த்தைச் சோதித்து, 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சையும் பொருத்துங்கள். கிதாரை நாமே திறக்கலாம். ஒலிபெருக்கிப் பெட்டியை மட்டும் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

எங்கே தொடங்குவது?

புதிய தந்திகளில் தொடங்குங்கள். வியர்வை உப்பும் அழுக்கும் தந்தியின் சுற்றுகளில் அடைந்து ஒலியை மங்கவைக்கும். புதிது வாங்க வசதியில்லையென்றால், பழையதைக் கழற்றி வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு உடனே ஈரம் போகத் துடைத்தால், சில நாட்களுக்காவது பழைய பளிச்சென்ற ஒலி திரும்பும். அடுத்துக் கழுத்து, நட், குதிரை. அதன்பின் கவசம். பிறகு மின்தேக்கி. பிக்கப் மாற்றுவது கடைசி. இந்த வரிசையில் போனால், கடைசிப் படிக்கு வரும்போது புதிய பிக்கப் தேவையில்லை என்று தோன்றினாலும் வியப்பில்லை.

நம் தாம்பரத்து இளைஞன் இவற்றையெல்லாம் செய்து முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். கருவியின் மேல் ஒட்டிய பெயர் மாறியிராது. ஆனால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் எதற்காக இருக்கிறது என்பதை அவன் அறிந்திருப்பான். விலை உயர்ந்த கருவியை வாங்கியவனுக்கு அந்த அறிவு சேர்ந்து கிடைப்பதில்லை.