நாள் தள்ளிப்போன முதல் வாரங்கள்

ஏற்காட்டு மலையில் நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாகிவிடும். தலைச்சோலை பக்கமிருந்து தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு அசதி வந்தால், தலை சுற்றினால், வேலை அலுப்பு என்றுதான் முதலில் தோன்றும். நாள் தள்ளிப்போனதுகூட மனதில் பதியாமல் போகலாம்.

ஆனால் வயிற்றுக்குள் காத்திருப்பு இல்லை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளி இரண்டே வாரம். அந்தக் குழாய் சரியாக மூட உதவுவது ஃபோலிக் அமிலம். மசக்கை வந்து, வீட்டில் சொல்லி, மூன்றாம் மாதம் டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் கட்டம் முடிந்திருக்கும். அதனால் பிள்ளைக்கு ஆசைப்படும்போதே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். கீரை நல்லதுதான், மாத்திரைக்கு அது ஈடாகாது.

நாள் தள்ளி ஒரு வாரத்தில் சிறுநீர்ப் பரிசோதனை தெளிவாகச் சொல்லிவிடும். கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிந்துகொள்ளுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்தப் பதிவு வேண்டும். பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் ரத்தசோகை கூடுதலாகக் காணப்படுவதால், கணவனும் மனைவியும் சேர்ந்தே அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. பூச்சிமருந்து தெளிக்கும் வேலையை மேஸ்திரியிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கரு கலைந்துவிட்டால், "சேலத்துக்கு ஏன் பஸ்ஸில் போனாய், கூடை ஏன் தூக்கினாய்" என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்கிறார்கள். முதல் மூன்று மாதக் கலைவுகளில் பாதியோ அதற்கு மேலோ கருவின் குரோமோசோம் கோளாறால் நேர்பவை. சேலம் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் அதை உண்டாக்குவதில்லை. அழுதுகொண்டிருப்பவளிடம் கணக்குக் கேட்பது கொடுமை.

மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் தொடங்கி, மூன்று மாதம் கடந்ததும் தணியும். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம், உதிரப்போக்கு என்றால் கரு கருப்பைக்குப் போகாமல் கருமுட்டைக் குழாயிலேயே தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மலையில் வண்டி வந்து சேரவும் நேரம் பிடிக்கும்.