சறுக்குப்பலகை ஓட்டத்தின் இயற்பியல்

சறுக்குப்பலகை ஓட்டத்தின் இயற்பியல் என்பது, ஸ்கேட்போர்டு எனப்படும் நான்கு சக்கரப் பலகையில் நின்றபடி வளைந்த சாய்தளங்களில் ஏறி இறங்கும் ஒருவரின் வேகமும் ஆற்றலும் மாறும் விதத்தை விளக்குவதாகும். இப்பலகையில் இயந்திரமோ மிதிகட்டையோ இல்லை. ஆயினும் தேர்ந்த வீரர் ஒருவர், காலைத் தரையில் ஊன்றி உந்தாமலேயே, தான் புறப்பட்ட விளிம்பைவிட உயரமாகக் காற்றில் எழும்புகிறார். இது ஆற்றல் அழிவின்மை விதிக்கு முரணாகத் தோன்றலாம். உண்மையில், கூடுதல் ஆற்றல் அவருடைய கால் தசைகளிலிருந்தே கிடைக்கிறது.

சாய்தளத்தின் அமைப்பு

அரைக்குழாய் வடிவச் சாய்தளத்தில் எதிரெதிரே இரண்டு வளைவுகளும், அவற்றுக்கிடையே ஒரு சமதளமும் இருக்கும். பெரிய சாய்தளங்களில் வளைவின் மேற்பகுதி செங்குத்தாக முடிவடையும். 1976-77இல் கலிபோர்னியாவில் நிலவிய வறட்சியால் பல நீச்சல் குளங்கள் நீரின்றிக் கிடந்தன. அவற்றின் வளைந்த சுவர்களில் இளைஞர்கள் பலகை ஓட்டியது இவ்விளையாட்டின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப்பலகை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, குளம் போன்ற வளைதளங்களைக் கொண்ட 'பார்க்' பிரிவும் இடம்பெற்றது.

நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும்

விளிம்பில் நிற்பவரிடம் உயரத்தின் காரணமாக நிலை ஆற்றல் உள்ளது. இதன் அளவு நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் ஆகும். 60 கிலோகிராம் நிறையுள்ளவர் 3 மீட்டர் உயரத்தில் நின்றால், அவரிடம் ஏறத்தாழ 1,764 ஜூல் நிலை ஆற்றல் இருக்கும். கீழே இறங்க இறங்க இது இயக்க ஆற்றலாக மாறுகிறது. இழப்பு ஏதும் இல்லையெனில், அடித்தளத்தில் அவருடைய வேகம் நொடிக்கு 7.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டராக இருக்கும்.

இந்த வேகம் நிறையைச் சார்ந்ததன்று. ஒரே உயரத்திலிருந்து இறங்கும் சிறுவனும் பெரியவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தையே அடைவர். மேலும், வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கேற்பவே கூடுகிறது. வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும்.

வளைவில் கூடும் சுமை

வளைவில் செல்பவரின் திசையைத் தொடர்ந்து திருப்புவதற்கு மையநோக்கு விசை தேவை. அதைச் சாய்தளமே பலகையின் வழியாக அளிக்கிறது. கால்வட்ட வடிவிலான வளைவின் உச்சியிலிருந்து ஓய்வு நிலையில் புறப்படுபவர், வளைவின் அடியில் தன் எடையைப் போல மூன்று மடங்கு சுமையை உணர்வார். இதில் இரண்டு மடங்கு திசை மாற்றத்தாலும், ஒரு மடங்கு ஈர்ப்பாலும் ஏற்படுவது. சமதளத்துக்கு வந்தவுடன் சுமை மீண்டும் ஒரு மடங்காகக் குறைகிறது.

ஆற்றல் இழப்பு

சக்கரங்களின் உருளும் உராய்வு, தாங்கு உருளைகளின் உராய்வு, காற்றுத் தடை ஆகியவற்றால் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிறது. எனவே, பலகையின் மீது அசையாமல் நிற்பவர் எதிர்ப்பக்கத்தில் அதே உயரத்தை எட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் உயரம் குறைந்து, இறுதியில் சமதளத்தில் நின்றுவிடுவார். சக்கரம் நசுங்கி மீள்வதிலும் ஆற்றல் வீணாவதால், வழவழப்பான சாய்தளங்களில் கடினமான யூரித்தேன் சக்கரங்கள் விரும்பப்படுகின்றன.

உந்தி வேகம் கூட்டுதல்

இழந்த ஆற்றலை ஈடுசெய்ய வீரர்கள் கையாளும் முறை, ஊஞ்சலில் நின்றபடி உந்தி ஆடுவதை ஒத்தது. சமதளத்தில் முழங்காலை மடக்கித் தாழ்ந்து செல்லும் வீரர், வளைவுக்குள் நுழைந்ததும் கால்களை அழுத்தி நிமிர்கிறார். இதனால் அவருடைய நிறை மையம் வளைவின் மையத்தை நோக்கி நகர்கிறது. சாய்தளத்தின் எதிர்விசை அம்மையத்தை நோக்கியே அமைவதால், வளைவின் அடிப்பகுதியில் கோண உந்தம் ஏறத்தாழ மாறுவதில்லை. ஆரம் குறையும்போது வேகம் கூடுகிறது.

எடுத்துக்காட்டாக, வளைவின் ஆரம் 3 மீட்டர் எனக் கொள்வோம். குனிந்திருக்கையில் பலகையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிறை மையம், நிமிரும்போது 1 மீட்டருக்கு உயர்ந்தால், வளைவு மையத்திலிருந்து அதன் தொலைவு 2.4 மீட்டரிலிருந்து 2 மீட்டராகக் குறையும். நொடிக்கு 6 மீட்டராக இருந்த வேகம் 7.2 மீட்டராகும். 60 கிலோகிராம் நிறைக்கு இயக்க ஆற்றல் ஏறத்தாழ 475 ஜூல் கூடும். இது இலட்சிய நிலையில் மேலும் 0.8 மீட்டர் உயரம் ஏறப் போதுமானது.

சுமை மிகுந்த வளைவில் நிமிர்வதற்குத் தசைகள் அதிக வேலை செய்கின்றன. சுமை குறைந்த சமதளத்தில் குனிவதால் அந்த ஆற்றல் முழுவதும் திரும்ப இழக்கப்படுவதில்லை. இவ்வேறுபாடே ஒவ்வொரு சுற்றிலும் வேகமாகச் சேர்கிறது. நிமிரும் நேரம் தவறி, சமதளத்திலேயே எழுந்துவிட்டால் வேகம் கூடாது.

காற்றில் சுழற்சி

விளிம்பைக் கடந்த பின் உயரத்தை ஈர்ப்பு விசையே தீர்மானிக்கிறது. விளிம்புக்கு மேல் 2 மீட்டர் எழும்புபவர் சுமார் 1.3 நொடி மட்டுமே காற்றில் இருப்பார். 1999 சூன் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில், பலமுறை முயன்று தவறிய பின்னர், டோனி ஹாக் இரண்டரைச் சுற்றுகள் கொண்ட 900 பாகைச் சுழற்சியை நிறைவேற்றினார். காற்றில் கோண உந்தத்தைப் புதிதாகப் பெற இயலாது. ஆகவே சுழற்சிக்கான தொடக்கம் விளிம்பைவிட்டு நீங்குவதற்கு முன்பே அமைய வேண்டும். பின்னர் உடலைக் குறுக்கிக்கொண்டால் சுழற்சி விரைவாகும்.

தரையிறக்கமும் பாதுகாப்பும்

3 மீட்டர் உயரத்திலிருந்து வளைவின் வழியே இறங்கினாலும், நேராகச் சமதளத்தில் விழுந்தாலும் வேகம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு, அந்த வேகம் கையாளப்படும் விதத்தில் உள்ளது. வளைவு வேகத்தைக் குறைக்காமல் திசையை மட்டும் படிப்படியாகத் திருப்புகிறது. சமதளமோ வேகத்தை முழுமையாக நிறுத்துகிறது. முழங்காலை மடக்கி அரை மீட்டர் தொலைவில் நின்றால், கால்கள் சராசரியாக உடல் எடையைப் போல 7 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். காலை விறைப்பாக வைத்து 10 சென்டிமீட்டரில் நின்றால் அது 31 மடங்காகும். எலும்பு முறிவுக்கு இது போதும்.

இதனால்தான் தொடக்கநிலை வீரர்களுக்கு விழும் முறை முதலில் கற்பிக்கப்படுகிறது. முயற்சி தவறினால் பலகையை விட்டுவிட்டு, நெகிழி மூடியுள்ள முழங்கால் காப்பின் மீது மண்டியிட்டு வளைவில் வழுக்கி இறங்குவர். அப்போது இயக்க ஆற்றல் நீண்ட தொலைவில் உராய்வால் சிறிது சிறிதாக வெப்பமாகிக் கரைகிறது. தலைக்கவசத்தின் உட்புற நுரையும் இதே முறையில், நிற்கும் தொலைவைக் கூட்டி மோதல் விசையைக் குறைக்கிறது.