மட்காட்டுக்குள் மறைந்திருக்கும் துரு

மோட்டார் வண்டியைக் கழுவுவோர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பகுதிகளையே கழுவுவர். கண்ணாடி பளபளக்கும், கூரை மின்னும். ஆயினும், சில்லுகளின்மேல் கவிந்திருக்கும் தகட்டின் உட்புறத்தைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. மட்காட் என்று வழங்கும் அந்தத் தகட்டின் அடியிலேதான் மலைநாட்டு வண்டியின் ஆயுள் தீர்மானிக்கப்படுகிறது.

கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும் என்பதை யாவரும் அறிவர். கடலுக்கு ஆறாயிரம் அடிக்கு மேலே நிற்கும் நுவரெலியாவில் துருவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். அட்டனை அடுத்த வட்டவளைப் பகுதியோ இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. மழை ஓய்ந்த வேளையில் மூடுபனி வந்து கவிந்துகொள்ளும். தேயிலை விளையும் மண் புளிப்புத்தன்மை வாய்ந்தது. களிச்சேறு தகட்டின் மடிப்பில் ஒட்டிக்கொண்டால், காயத்துக்குப் பற்றுப் போட்டதுபோல் ஈரத்தை நாட்கணக்கில் விடாது பிடித்து வைத்திருக்கும். தோட்டத்துப் பாதைகளில் சிந்தும் பசளையும் அச்சேற்றோடு கலக்கிறது. பொட்டாசுப் பசளையாகப் பெரிதும் வழங்குவது பொட்டாசியம் குளோரைட்டு. உப்பைப் போலவே அதுவும் துருவை விரைவுபடுத்தும். கடலில்லாத ஊருக்கு உப்பு வந்து சேரும் வழி இதுவே.

மொரிஸ் மைனர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன இவ்வண்டி, இலங்கையில் குடும்ப வண்டியாகவும் வாடகைக் காராகவும் நெடுங்காலம் உழைத்தது, இன்னும் உழைக்கிறது. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடும், 2020இல் தொடங்கிய இறக்குமதித் தடையும் பழைய வண்டியைப் பேணிக் காக்கும் பழக்கத்தை இந்நாட்டில் வேரூன்றச் செய்தன. தனியார் வண்டிகளுக்கு அத்தடை 2025இல்தான் நீங்கியது.

இவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடற்தகடே எலும்பும் ஆகும். பின்சில்லுகளுக்கு அருகே பட்டைவில்லைத் தாங்கும் பிடிகள் அத்தகட்டோடுதான் இணைக்கப்பட்டுள்ளன. சேறு அங்கே தங்கித் தகடு அரிக்கப்பட்டால், வில் பிடியிழக்கும். மற்றொன்று இதனினும் அஞ்சத்தக்கது. நான்கு சில்லுகளின் பிரேக்குக்கும் எண்ணெய் செல்வது ஒரே தொகுதியில்; எங்கேனும் ஒரு குழாய் அரித்து வெடித்தால், கால்பிரேக் முழுவதுமே அற்றுப்போகும். இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது அது நேருமாயின் எஞ்சுவது கைப்பிரேக் ஒன்றே. ஆகவே மட்காட்டைத் துப்புரவு செய்தல் அழகுக்காக அன்று. உள்ளே இருப்பதைக் கண்ணால் காண்பதற்காக.

லாண்ட்ரோவர் வைத்திருப்போர் தமக்கு இக்கவலை இல்லை என்று எண்ணுவதுண்டு. அதன் மேற்தகடு அலுமினியம் என்பது உண்மை. அடிச்சட்டம் உருக்கு என்பதும் உண்மையே. இவ்விரு உலோகங்களும் ஈரத்தில் தொட்டு நிற்குமிடத்தில் அலுமினியமே வெண்மாவாய் உதிரத் தொடங்கும்.

வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி, பங்குனி மாதங்கள். மூடுபனியில் பூசிய வர்ணம் காய்வதுமில்லை, ஒட்டுவதுமில்லை. மலையில் சமதரை கிடைப்பது அரிது. எனினும் சரிவில் வண்டியை ஜாக்கியில் ஏற்றுதல் கூடவே கூடாது. தரையில் நிற்கும் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியபின் உயர்த்துக. உயர்த்திய வண்டியை உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்திய பின்னரே சில்லைக் கழற்றல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நுழைத்தல் உயிரோடு விளையாடுவதாகும்.

காய்ந்த சேற்றை முதலில் மரத்துண்டால் சுரண்டி எடுத்து, பின்பு நீர் பாய்ச்சி, மடிப்புகளையும் நீர் வடியும் துளைகளையும் தூரிகையால் தேய்த்துக் கழுவுக. மைனரின் மட்காட்டுகள் நட்டும் போல்ட்டும் கொண்டு பூட்டப்பட்டவை. துணிந்தவர் அவற்றைக் கழற்றியே கழுவலாம். கழுவிய பகுதி முற்றிலும் உலர்வதற்கு இரண்டொரு நாள் கொடுத்தல் நன்று. அவசரக்காரர் கெடுவது இவ்விடத்திலேயே. ஈரத்தின்மேல் தார் பூசினால் துருவுக்குப் போர்வை போர்த்தியதாக முடியும்.

உலர்ந்தபின் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி நல்ல தகட்டைக் குறிக்கும். மந்தமான ஒலி கேட்குமிடத்தில் முனையால் அழுத்துக. முனை உள்ளே இறங்கினால் வீட்டு வேலை அத்தோடு நின்றது. தகட்டை வெட்டி ஒட்டவல்ல தொழிலாளியிடம் வண்டியை ஒப்படைத்தல் வேண்டும். ஓட்டையைப் பட்டி வைத்து அடைப்பது வாங்குபவனை ஏமாற்ற உதவும். வில்லைத் தாங்க உதவாது.

மேற்பரப்பில் மட்டும் துரு இருப்பின், கம்பித்தூரிகையால் தேய்த்து அகற்றலாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும்; அதன் தூள் சிறுவரின் மூளைக்கு நஞ்சு. ஆதலின் வர்ணத்தை நனைத்த அரத்தாளால் தேய்த்து, கசடைத் தாளில் சேர்த்து அகற்றுக. அக்காலத்தார் விரும்பிப் பூசிய சிவப்பு ஈயமும் இக்காரணத்தால் விலக்கத்தக்கதே. எஞ்சிய துருவின்மேல் பொசுபோரிக் அமிலம் கலந்த துருமாற்றியைக் கையுறை அணிந்து பூசினால், அது கருமையான உறுதிப் படலமாக மாறும். அதன்மேல் துத்தநாகப் பொசுபேற்று அடிப்பூச்சு, பின்னர் மேல்வர்ணம். அடிப்பூச்சு நுண்துளை உடையது. அதை மட்டும் பூசி விடுவது வீண். பிரேக் குழாய், பிரேக் தட்டு, கிறீஸ் ஏற்றும் முனை ஆகியவற்றைப் பூசுமுன் தாளால் மூடிக்கொள்க.

இயந்திரத்தில் வடித்த பழைய எண்ணெயை மண்ணெண்ணெயுடன் கலந்து அடியில் தெளிக்கும் வழக்கம் பல கராஜ்களில் உண்டு. துருவை அது ஓரளவு தடுக்கும். ஆனால் ரப்பர் பாகங்களை ஊதச் செய்து கெடுக்கும். வழிந்தது எங்கே போகும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கரையில் சிந்தும் எண்ணெய், லயத்துப் பெண்கள் குடம் வைக்கும் பீலிக்கும் ஓடைக்கும் முதலில் சேரும். அங்கிருந்து நானுஓயாப் பக்கத்தில் மகாவலிக்கும், அட்டன் பக்கத்தில் களனிக்கும் இறங்கும். இதற்கென்று விற்கப்படும் மெழுகுக் கலவை சற்று விலை கூடியதாயினும், ஓட்டிய இடத்திலேயே நிற்கும், வெடிப்பதுமில்லை.

சில்லைப் பூட்டி இறக்கியபின் நட்டுகளை எதிரெதிராக இறுக்குக. பிரேக்கை மிதித்துப் பார்த்து, சமதரையில் மெதுவாக ஓட்டிய பின்னரே மலைப்பாதையில் இறங்குதல் வேண்டும். ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, வைகாசி மழை தொடங்குமுன் வடிதுளைகளில் இலைச்சருகு அடைத்துள்ளதா என்று பார்த்துக்கொள்க.