இடிபாட்டிலிருந்து எழுந்த சந்தைச் சதுக்கம்

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஈப்பர் என்றொரு சிறிய நகரம் உண்டு. அதன் பெரிய சந்தைச் சதுக்கத்தில் நின்று பார்த்தால், எழுநூறு வருடங்களாக அங்கு எதுவுமே மாறவில்லை என்றுதான் உங்களுக்குத் தோன்றும். உண்மையோ வேறு. சுற்றிலும் தெரிபவை அநேகமாக எல்லாமே முதலாம் உலக யுத்தத்துக்குப் பின் எழுந்தவை.

சதுக்கத்தின் ஒரு பக்கத்தை அடைத்து நிற்பது துணி மண்டபம். நீளம் ஏறத்தாழ 125 மீற்றர்; நடுவிலுள்ள கோபுரத்தின் உயரம் 70 மீற்றர். 1304 இல் முடிக்கப்பட்ட இம்மண்டபம் மன்னருக்காகக் கட்டப்பட்டதல்ல, கம்பளித் துணி விற்கக் கட்டப்பட்டது! இங்கிலாந்திலிருந்து ஆட்டு உரோமம் வரும். ஈப்பர் நெசவாளர் அதைத் துணியாக்குவர். அன்று ஆறு மண்டபத்தை ஒட்டியே ஓடியதால் படகுகள் அங்கேயே சரக்கை இறக்கின. எலிகளை ஒழிக்கப் பூனை வளர்த்தார்களாம். பின்னர் அப்பூனைகளையே கோபுரத்திலிருந்து உயிரோடு வீசினார்கள்! அந்தக் கொடுமை 1817 உடன் நின்றது. இன்று பூனைத் திருவிழாவில் வீசப்படுபவை வெறும் துணிப் பொம்மைகள்.

மண்டப வாயிலின் மேலே சில சிலைகள் உள்ளன. ஒன்று ஒன்பதாம் போல்ட்வின் பிரபு. சிலுவை யுத்தத்துக்கெனப் புறப்பட்டவர், 1204 இல் கிறிஸ்தவ நகரமான கொன்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றிய படையோடு நின்று, அங்கேயே பேரரசரானார்! அருகில் இருப்பவர் மனைவி மேரி. கணவரைத் தேடிக் கப்பலேறிய அப்பெண், அவரைக் காணாமலேயே அதே வருடம் ஏக்கர் நகரில் இறந்துபோனார். மறுபுறம் அல்பேர்ட் மன்னரும் எலிசபெத் அரசியும். புனரமைப்பு ஆரம்பமானது இவர்கள் காலத்தில்.

1914 நவம்பர் 22 இல் ஜேர்மனியரின் குண்டு வீச்சில் மண்டபம் தீப்பற்றியது. நான்கு வருட முடிவில் நகரமே கற்குவியலாகிவிட்டது. இந்த ஈப்பரைக் காக்க வந்தோரில் நம் முஸ்லிம் சகோதரர்களும் இருந்தனர். 1914 ஒக்டோபர் 31 இல், அருகிலுள்ள ஹொல்லபேக்கில், பஞ்சாபைச் சேர்ந்த சிப்பாய் குதாதாத் கான், தோழர்கள் அனைவரும் வீழ்ந்த பின்பும் காயத்தோடு தன் துப்பாக்கியை இயக்கினார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவரே. சதுக்கத்துக்குச் சமீபமாக உள்ள மெனின் வாயிலில், உடல் கிடைக்காமற்போன 54,000 க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முஸ்லிம் பெயர்களும் உண்டு.

யுத்தம் முடிந்ததும், பிரித்தானிய அமைச்சர் சேர்ச்சில், இடிபாடுகளை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட வேண்டும் என்றார். தூரத்திலிருந்து சொல்வது சுலபம்! ஊர் திரும்பிய பெண்களோ மரக் குடிசைகளில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வீடு. நகரின் கட்டடக் கலைஞர் ஜூல்ஸ் கூமன்ஸ், இருந்தது இருந்தபடியே மீண்டும் கட்டவேண்டும் என்று உறுதியாக நின்றார். யுத்தத்துக்கு முன் மண்டபத்தைப் பழுதுபார்த்தவர் அவரே; அதன் அங்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பழையதைப் போலியாக்குவதா என்று குறை கூறியோரும் உண்டு. ஆயினும், தெரு தெருவாக வீடுகள் எழுந்தன. 1934 இல் கோபுரம் திறக்கப்பட்டது. மண்டபத்தோடு இணைந்த நகரசபைக் கட்டடம் வரை வேலை முடிய 1967 ஆகிவிட்டது. 1914 இல் பத்து வயதில் ஊரைவிட்டு ஓடிய ஒரு சிறுமிக்கு அப்போது வயது அறுபத்து மூன்று.