வராத கடிதமும் பதிவேட்டின் சாட்சியும்

கடிதத்தை அனுப்பிவிட்டேன் என்கிறார் ஒருவர். எனக்கு வந்து சேரவில்லை என்கிறார் மற்றவர். இருவரும் உண்மையே பேசுகின்றனர். அங்ஙனமாயின், இடைவழியிலே அக்கடிதத்துக்கு நேர்ந்தது யாது? மின்னஞ்சலைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை பெரும்பாலும் எழுத்திலேயே கிடக்கின்றது. அதைத் தேடிப் படிப்பவர்தாம் குறைவு. அதனைப் படிக்கும் முறைபற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகின்றேன்.

மின்னஞ்சல் அனுப்பியவரிடமிருந்து நேரே நம் கைக்கு வருவதன்று. அஞ்சற் சேவையகம் எனப்படும் கணினியொன்று அதனை முதலில் ஏற்றுக்கொள்கின்றது. அதனை நமது தபாற்கந்தோருக்கு ஒப்பிடலாம். அதன் வாயிலிலே ஒரு காவலன் நிற்கின்றான். அவனே வடிகட்டி.

காவலன் எதற்காக வேண்டப்பட்டான்? 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளர் ஒருவர், அர்ப்பாநெற் என்னும் அக்கால வலையிலிருந்த ஏறக்குறைய நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். எவரும் கேளாமல் வந்த இவ்வகை மின்கடிதங்களுக்கு அதனையே முன்னோடியாகக் கூறுவர். இன்று ஸ்பாம் என வழங்கும் இத்தகைய கடிதங்கள் வெள்ளம்போலப் பெருகிவிட்டன. காவலன் இல்லையெனில், நமக்கு வேண்டிய கடிதத்தை நாமே கண்டெடுக்க இயலாது.

இக்காவலன் எவ்வாறு தீர்ப்பளிக்கின்றான்? 2001ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஸ்பாம்அசாசின் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பரீட்சகர் விடைத்தாளுக்குப் புள்ளியிடுவதுபோல, இது கடிதத்துக்குப் புள்ளியிடுகின்றது. ஆனால், இங்கே புள்ளி கூடுவது நன்மையன்று. அனுப்பியவரின் முகவரியிலே ஐயம் தோன்றினால் சில புள்ளிகள். எழுத்துக் குறைந்து படமே மிகுந்திருந்தால் வேறு சில. கூட்டுத்தொகை 5ஐ எட்டினால், பராமரிப்பாளர் வேறு எல்லை வகுக்காதவிடத்து, அது வேண்டாக் கடிதமென்று குறியிடப்படும். எந்த விதியின்படி எத்தனை புள்ளி என்பதையும் அது குறித்துவைக்கும். நீதவான் தீர்ப்போடு காரணத்தையும் எழுதுவது போன்றது இது.

காரணம் எழுதப்படுவதன் பயன் 2010ஆம் ஆண்டு பிறந்த அன்றே விளங்கிற்று. எதிர்காலத் திகதியிட்ட பொய்க் கடிதங்களைப் பிடிக்க அம்மென்பொருளிலே விதியொன்று இருந்தது. அதனை வகுத்தபோது 2010 என்பது வெகுதொலைவில் உள்ள ஆண்டாகவே கொள்ளப்பட்டிருந்தது. ஆண்டு பிறந்ததும், சரியான திகதியோடு வந்த நேர்மையான கடிதங்களுக்கும் மூன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் வீணே சேர்ந்தன. வேறு சிறு குறையும் உடைய கடிதங்கள் எல்லையைத் தாண்டின. ஆயினும், புள்ளிக் குறிப்பிலே அவ்விதியின் பெயர் வெளிப்படையாக நின்றது. அவ்வொரு விதியைத் திருத்தினார்கள், குறை நீங்கிற்று. காவலனை வீட்டுக்கு அனுப்பவேண்டிய தேவை ஏற்படவில்லை.

பாடசாலை அதிபர்களாகிய நாங்கள் சம்பவத்திரட்டுப் புத்தகமொன்று வைத்திருப்போம். லொக் புத்தகம் என்பதே அதற்குப் பழகிய பெயர். அஞ்சற் சேவையகமும் அவ்வாறே லொக் ஒன்றினை இடைவிடாது எழுதுகின்றது. எத்தனை மணிக்கு, எங்கிருந்து, யாருக்கு, என்ன முடிவு என்பன அதில் வரிவரியாக இருக்கும். போஸ்ற்பிக்ஸ் போன்ற மென்பொருள்கள், ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாள எண் வழங்குகின்றன. அவ்வெண்ணைப் பின்தொடர்ந்தால், அக்கடிதம் சென்ற வழி முழுவதும் தெரியும். முடிவைக் குறிக்கும் எண்களும் உண்டு. 250 என்றால் ஏற்கப்பட்டது. 4இல் தொடங்கும் எண், இப்போது இயலாது, பின்னர் வருக என்பது. 5இல் தொடங்குவது முற்றான மறுப்பு. ஏற்கப்பட்ட கடிதமும் தடுப்பறையிலே கிடக்கலாம் என்பதை மறத்தலாகாது.

என் அனுபவமொன்றைக் கூறுகின்றேன். எங்கள் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றுக்கு விண்ணப்பித்தாள். அவளைப்பற்றி என் நற்சான்றைக் கோரும் கடிதம் பல்கலைக்கழகத்திலிருந்து செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அனுப்பப்பட்டதாம். எனக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை இறுதி நாள். எங்கள் சேவையகத்தைப் பராமரிப்பவர் எங்களிடமே கற்ற ஓர் இளைஞர். “தம்பி, அந்த வடிகட்டியை முற்றாக நிறுத்திவிடும்” என்றேன், சினத்தோடு. அவரோ, “சேர், முதலில் லொக்கைப் பார்ப்போம்” என்றார்.

எட்டு மணிக்குரிய வரிகளிலே ஒன்றும் இல்லை. கடிதமே வரவில்லையென்று நான் முடிவுகட்டினேன். அவர் சற்றே யோசித்து, பதிவேடு உலகப் பொது நேரத்திலே எழுதப்படுவதை நினைவுகூர்ந்தார். அந்நேரத்துக்கு நமது நேரம் ஐந்தரை மணி முந்தியது. அதிகாலை 2.30க்குரிய வரியிலே கடிதம் அகப்பட்டது! 6.2 புள்ளிகள் பெற்றுத் தடுப்பறையிலே கிடந்தது. காரணமும் எழுதியிருந்தது: தன் பெயரால் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள கணினிகளின் பட்டியலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருந்தது, இக்கடிதத்தை அனுப்பிய கணினி அப்பட்டியலிலே இல்லை. ஆகவே, காவலன் ஐயுற்றதிலும் நியாயம் உண்டு. கடிதத்தை விடுவித்தோம், பட்டியலைத் திருத்துமாறு அவர்களுக்கு எழுதினோம், வியாழனன்றே நற்சான்று சென்றது.

வடிகட்டியை நான் நிறுத்தியிருந்தாலும் அக்கடிதம் தடுப்பறையிலேயே கிடந்திருக்கும். பிறர் அனுப்பும் மோசக் கடிதங்கள் மாத்திரம் தாராளமாக நுழைந்திருக்கும். அனுப்புநர் பெயரைக் கண்டமட்டில் நம்பி விடும்படி கட்டளையிடுவதும் பிழை. பெயரைப் போலியாக எழுதுவது எளிது.

ஆதலின், எதிர்பார்த்த கடிதம் வராவிடின், முதலில் வேண்டாக் கடிதங்களின் பெட்டியைப் பாருங்கள். அங்கும் இல்லையெனில், அனுப்பியவரின் முகவரியையும் அனுப்பிய நேரத்தையும் கேட்டறிந்து, பராமரிப்பாளரிடம் கொடுங்கள். தாமதம் வேண்டாம். இடம் போதாமையால் பழைய பதிவுகள் பல இடங்களிலே சில வாரங்களில் அழிக்கப்படுகின்றன. பராமரிப்பாளரும், தடுத்தது எவ்விதி, அது கூறும் காரணம் மெய்யா என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே எதனையும் மாற்றுதல் வேண்டும். பிள்ளையொன்றின்மீது முறைப்பாடு வந்தால், தண்டிக்குமுன் சம்பவத்திரட்டைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். கணினிக்கும் அந்நீதியை வழங்குவதிலே தவறில்லை.