உறைந்த ஏரியின்மீது லொறிப் பயணம்

வடதுருவத்தை அடுத்த நாடுகளிலே குளிர்காலத்தில் ஏரிகளும் நெடுஞ்சாலைகளாகின்றன. கனடாவின் வடமேற்கில் 1982ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்டுவரும் பனிப்பாதையொன்று பெரும்பாலும் உறைந்த ஏரிகளின் மீதே செல்கின்றது. சுரங்கங்களுக்கு வேண்டிய எரிபொருளும் பொறிகளும் அவ்வழியே லொறிகளிற் செல்கின்றன. பனிக்கட்டி தடித்ததாயின் அச்சமில்லை. ஐயமிருப்பின் விரைந்து கடந்துவிடலாம் என்று பலர் கருதுவர். இவற்றுள் முன்னையது பாதி உண்மை, பின்னையது பெருந்தவறு.

நீர் 4 பாகை செல்சியசிலேயே அடர்த்தி மிக்கது. ஆதலின் அதனினும் குளிர்ந்த நீர் மேலே தங்கி உறைகின்றது. பனிக்கட்டி நீரின்மேல் மிதக்கின்றது. அதன்மீது லொறி ஏறும்போது பனித்தகடு சிறிது வளைகின்றது. கீழுள்ள நீரின் மேலுதைப்பே பாரத்தைத் தாங்குகின்றது. தடிப்பு இருமடங்காயின் தாங்குதிறன் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனினும், தெளிந்த நீலப் பனிக்கட்டியின் வலிமை, மழைபனி நனைந்து உறைந்த வெண்பனிக்கட்டிக்கு இல்லை. மேலே படியும் மழைபனியோ கம்பளிபோலக் குளிரைத் தடுத்து, பனிக்கட்டி தடிப்பதைத் தாமதப்படுத்தும்.

லொறி ஓடும்போது வளைவும் அதனோடு ஓடுகின்றது. அதனால் நீரில் அலையொன்று எழுகின்றது. ஆழங்குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: 10 மீற்றர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 36 கிலோமீற்றர், 5 மீற்றரில் 25 கிலோமீற்றர். லொறியின் வேகம் அவ்வேகத்தை எய்துமாயின் அலை சிதறிச் செல்ல வழியின்றித் திரண்டு, பனித்தகட்டை மிகுதியாய் வளைத்து உடைத்துவிடும். கரையை அணுகுங்கால் ஆழம் குறைதலால் ஆபத்தான வேகமும் குறைகின்றது. கரையில் மோதித் திரும்பும் அலையும் வந்து சேர்கின்றது. நிலத்தைக் கண்டு சாரதி மகிழும் இடத்திலேயே வேகத்தைத் தணித்தல் வேண்டும்.

இவ்வுண்மை உயிர்களை விலையாகக் கொண்டு அறியப்பட்டது. 1941இல் ஜெர்மானியப் படைகளால் லெனின்கிராட் நகர் முற்றுகையிடப்பட்டபோது, லடோகா ஏரியே உணவு வரும் வழியாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, தொழிலாளரல்லாதாருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் பாண் மட்டுமே வழங்கப்பட்டது. நவம்பர் 22இல் லொறிகள் பனியின்மேல் இறங்கின. பனி உடையுங்கால் குதித்துத் தப்புவதற்காகச் சாரதிகள் கதவுகளைத் திறந்துவைத்தே ஓட்டினர். எனினும் லொறிகள் பல அமிழ்ந்தன. நவூம் ரெயினோவ் என்னும் பௌதிகவியலார் பனித்தகட்டின் வளைவைப் பதியும் கருவியொன்றை அமைத்தார். மணிக்குச் சுமார் 35 கிலோமீற்றர் வேகமே அங்கு பேராபத்து விளைப்பதென அவ்வாராய்ச்சி காட்டியது.

அங்ஙனமாயின் நின்றுவிடுதல் நன்றோ? அதுவும் அன்று. அசையாத பாரத்தின்கீழ் பனித்தகடு மெல்ல மெல்லத் தாழும். வெடிப்புகளினூடே நீர் மேலேறி, அதன் பாரமும் உடன்சேரும். ஆகவே கனடாவில் பாரமேற்றிய லொறிகளுக்கு மணிக்கு 25 கிலோமீற்றரே உச்ச வேகமாக விதிக்கப்பட்டுள்ளது. அவற்றிடையே தக்க இடைவெளியும் பேணப்படுகின்றது. பனியின் தடிப்பு ராடர்க் கருவியால் அளக்கப்படுகின்றது.

அளவும் விதியும் மனிதர் கையில் உள்ளன, குளிர் அவ்வாறன்று. 2006இல் குளிர்காலம் வெம்மையுற்றமையால் அப்பாதை முன்னதாகவே மூடப்பட, எஞ்சிய பொருள்களை விமானத்தில் ஏற்ற நேர்ந்தது. உலகம் வெப்பமடையுந்தோறும் பாதை திறந்திருக்கும் நாள்கள் சுருங்குகின்றன. நாள்கள் சுருங்க, விரையும் ஆசை பெருகும். ஏரியோ விரைபவனையே முதலிற் சோதிக்கின்றது.