கணினி சூடானால் கிராஃபிக்ஸ் அட்டையை மாற்றத்தான் வேண்டுமா?

விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே படம் விட்டுவிட்டு நகர்கிறது. பெட்டிக்குள் காற்றாடி இரைகிறது. திடீரெனத் திரை கறுத்துப் போகிறது. இந்நிலையில் பல பெற்றோர் எடுக்கும் முதல் முடிவு, "கிராஃபிக்ஸ் அட்டை போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்பதுதான். பல நூறு வெள்ளியோ ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேலோ செலவாகும் முடிவு அது. ஆனால் அட்டை கெடாமல், சூடு வெளியேறும் வழி மட்டும் அடைபட்டிருக்கவும் கூடும். அதை வீட்டிலேயே கண்டறிய முடியும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கிராஃபிக்ஸ் அட்டை உள்வாங்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை 115 வாட் வரையிலும், ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை 450 வாட் வரையிலும் மின்சாரம் எடுக்கக் கூடியவை. 450 வாட் என்பது சோறாக்கும் சிறிய மின்குக்கருக்குத் தேவைப்படும் அளவு.

இந்த வெப்பம் ஒரு வரிசையில் வெளியேற வேண்டும். முதலில் சில்லிலிருந்து அதன்மேல் பூசப்பட்ட வெப்பப் பசைக்கு. பசையிலிருந்து உலோகத் தகடுகளுக்கு. தகடுகளிலிருந்து காற்றாடி வீசும் காற்றுக்கு. பிறகு கணினிப் பெட்டியிலிருந்து அறைக்கு. இவற்றில் எங்கே தடை ஏற்பட்டாலும் சில்லின் சூடு கூடும். அந்தத் தடை எங்கே என்று தேடுவதுதான் பழுது பார்ப்பதன் சாரம்.

எவ்வளவு சூடு அதிகம்?

ஊகத்தை விட்டு அளந்து பார்ப்பது நல்லது. விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளிலும் விண்டோஸ் 11இலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் செயல்திறன் பக்கத்தில், தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினிகளில் பொதுவாக அதன் வெப்பநிலை தெரியும். விளையாட்டின்போது 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது பொதுவாகக் கவலைக்குரியதல்ல. மேலே சொன்ன இரண்டு அட்டைகளுக்கும் உச்ச வரம்பு 90 டிகிரி. வரம்பை நெருங்கும்போது அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். படம் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே நம் நாட்டு வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். குளிரூட்டப்பட்ட அறையில், 22 டிகிரியில் சோதிக்கப்பட்ட அட்டை 70 டிகிரியைத் தொட்டதாக ஒரு விமர்சனம் கூறலாம். அதே அட்டை, பிற்பகலில் 31 டிகிரி இருக்கும் அறையில் ஏறக்குறைய 79 டிகிரியைத் தொடும். அதைப் பழுது என்று எண்ணத் தேவையில்லை.

முதல் சோதனை

கணினியை அணைத்துவிட்டு, பெட்டியின் பக்க மூடியைக் கழற்ற வேண்டும். பிறகு அதே விளையாட்டை அதே அளவு நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே கை வைக்கக் கூடாது. சிறு பிள்ளைகளையும் அருகில் விடக் கூடாது.

வெப்பநிலை ஏழெட்டு டிகிரி குறைந்தால் குறை பெட்டியின் காற்றோட்டத்தில்தான் இருக்கிறது. சுவரை ஒட்டியோ மேசை அலமாரிக்குள்ளோ இருக்கும் பெட்டியைச் சற்று வெளியே நகர்த்தி, முன்புறத் தூசி வடிகட்டியைக் கழுவிக் காயவைத்துப் பொருத்தினாலே பல வேளைகளில் போதும். மூடியைத் திறந்தும் மாற்றமில்லை என்றால் அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டையில் முதலில் கவனிக்க வேண்டியவை காற்றாடிகள். கணினி சும்மா இருக்கும்போது அவை நின்றிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பல புதிய அட்டைகள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டுள்ளன. விளையாட்டு தொடங்கி, சூடு ஏறிய பின்னும் சுற்றாவிட்டால்தான் கோளாறு.

அடுத்தது தூசி. சமையல் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் படியும் வீட்டில் தூசி தகடுகளில் அப்பிக்கொள்ளும். மின்செருகியைப் பிடுங்கி, அட்டை ஆறிய பிறகு மென்மையான தூரிகையாலும் காற்றுக் குப்பியாலும் சுத்தம் செய்யலாம். அப்போது காற்றாடி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் காற்றாடி பழுதாகிவிடும்.

தூசி நீங்கியும் சூடு தணியாவிட்டால், சில ஆண்டுகள் உழைத்த அட்டையில் வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். பசையை மாற்ற அட்டையைப் பிரிக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் பிரிக்காமல் கடைக்கே அனுப்புவது நல்லது.

செலவில்லாத வழிகளும் உண்டு. நொடிக்கு 60 படங்கள் மட்டுமே காட்டும் திரைக்கு 200 படங்களை உருவாக்குவது வீண் உழைப்பு. விளையாட்டு அமைப்பில் 60 என வரம்பு வைத்தால் சூடு வெகுவாகக் குறையும்.

சூடுதான் காரணமா?

வெப்பநிலை 65 டிகிரியில் இருக்கும்போதே கணினி அணைந்தால், மின்வழங்கிப் பெட்டியையோ இயக்கு மென்பொருளையோ சந்தேகிக்க வேண்டும். கருகிய வாடை வந்தால் சோதனையே வேண்டாம். உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றின் மின் இணைப்பு உருகியபோது, இணைப்பு முழுமையாகச் செருகப்படாததே பொதுவாகக் காணப்பட்ட குறை என்று என்விடியா தெரிவித்தது.

உண்மையிலேயே கெட்டுப்போகும் அட்டைகளும் உண்டு. மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் பயன்படுத்திய பொருள் பலவீனமாக இருந்ததால், 2008இல் அதே நிறுவனம் 150 முதல் 200 மில்லியன் அமெரிக்க டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. சூடேறி ஆறும் சுழற்சி திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் இணைப்புகளில் விரிசல் விழக்கூடும். அத்தகைய அட்டையைச் சமையல் அடுப்பில் வைத்துச் சுட்டால் உயிர் பெறும் என்று ஒரு பழக்கம் பரவியது. அது நிலைக்காத வைத்தியம். உணவு சமைக்கும் அடுப்பில் நச்சுப் புகை படியும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

கடைக்குச் செல்வோர் கையில் மூன்று எண்களைக் கொண்டுசெல்லலாம்: சும்மா இருக்கும்போது என்ன சூடு, விளையாடும்போது என்ன சூடு, மூடியைத் திறந்தபோது என்ன சூடு. "சுத்தம் செய்து மீண்டும் சோதித்தீர்களா?" என்றும் கேட்க வேண்டும். அதற்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகு புதிய அட்டைக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.